வேலியோரத்துப் பானை

கிணற்றில் இறங்குகிறவர்கள் செருப்பை மேலே விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது வசந்தகுமாரி அந்த வீட்டுக்கு வைத்திருந்த சட்டம். கீழே கிடப்பது வெறும் சேறாகவே இருந்தாலும் அது கங்கை. கங்கையின் தலைமேல் செருப்புக்காலோடு நிற்கலாமா என்று கேட்பாள். அவளுடைய கணவர் உலகநாதன் ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கே வெறுங்காலோடு மிஷின் பக்கம் போனால் ஆளை வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் ஃபேக்டரிச் சட்டம் ஃபேக்டரிக்கு, வீட்டுச் சட்டம் வீட்டுக்கு. மனைவி ஊரில் இல்லாத அன்றைக்கும் அவர் தம்முடைய ரப்பர் செருப்பைக் கிணற்று மேட்டில் ஜோடியாகக் கழற்றி வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் முதல் படியில் கால் வைத்தார்.

வசந்தகுமாரி பூந்தமல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மகள் பத்மாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது, பெண் குழந்தை. மறுநாள் தாயையும் பிள்ளையையும் வேப்பம்பட்டு வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. அதற்காகவே உலகநாதன் லீவு போட்டிருந்தார். பிள்ளை பெற்றவள் வருகிற வீட்டில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் நன்றாகவா இருக்கும்? குளிக்க, துவைக்க, துணி அலச என்று குடம் குடமாக வேண்டியிருக்குமே.

வீட்டு வாசலையொட்டித் தரைக்குக் கீழே ஒரு தொட்டி கட்டியிருந்தார். சம்ப் என்று சொல்வார்கள். கிணற்று மோட்டார் இறைக்கிற தண்ணீர் அதில் வந்து விழும். அங்கிருந்து ஒரு சின்ன மோட்டார் அதை மாடித் தொட்டிக்கு ஏற்றும். பேத்தி வரும்போது தொட்டியில் பாசி இருக்கக் கூடாது என்று அன்று காலையில் சம்பைக் கடைசிச் சொட்டு வரைக்கும் மொண்டு வாழைக்கு ஊற்றினார். தேங்காய் நாரால் தேய்த்தார். சுண்ணாம்பு அடித்தார். இண்டு இடுக்கெல்லாம் துடைத்துவிட்டு, இனி நிரப்பவேண்டியதுதான் என்று பார்த்தால், கிணற்று மோட்டார் தண்ணீரை இழுக்கவில்லை. உறுமியதே தவிர ஒரு கை தண்ணீர் வரவில்லை.

காரணம் அவருக்குத் தெரியும். குழாயின் அடிமுனையில் இருக்கும் வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது. குழாய்க்குள் தண்ணீர் நிற்காவிட்டால் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். கொஞ்சம் சாணியைக் கரைத்து மேலேயிருந்து குழாயில் ஊற்றினால், சாணி போய் வால்வின் சந்தை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் நிற்கும். அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிற வைத்தியம்தான் அது. ஆனால் கரைக்கத் தண்ணீர் வேண்டுமே. சம்ப் காய்ந்து வெள்ளையாகச் சிரித்தது. மாடித் தொட்டியையும் அதோடு கழுவி ஊற்றியிருந்தார். சமையலறையில் குடிக்க ஒரு சொம்பு இருந்தது.

அப்போதுதான் வேலியோரத்துப் பானை அவர் கண்ணில் பட்டது.

வேலிக்கு வெளியே, வண்டிப்பாதையோரம், வேப்பமரத்தடியில் ஒரு கல். அதன்மேல் மூடி போட்ட மண்பானை, பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி அகப்பை. வழியில் போகிறவர்களுக்கு என்று வசந்தகுமாரி வைத்தது. வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து அது ஒரு வேளைகூட வெறுமையாக இருந்ததில்லை. கோடையில் பந்தல் போட்டு மோர் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. இவள் கோடை, மழை என்று பார்ப்பதில்லை; விடிந்ததும் வாசல் தெளிப்பதுபோலப் பானையைக் கழுவி நிரப்புவாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூட, பிள்ளைத்தாய்ச்சி மகள் வண்டியில் முனகிக்கொண்டிருக்க, திரும்பி வந்து கணவரிடம் பானையை மறந்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள்.

உலகநாதனுக்கு அந்தப் பானைமேல் பெரிய பிரியம் கிடையாது. அதைத் தேடிக்கொண்டு வருகிறவர்களில் முக்கியமானவள் ஓர் ஆட்டுக்காரி. காலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகும்போது ஒரு மிடறு, பொழுது சாய்ந்து திரும்பும்போது ஒரு மிடறு குடிப்பாள். அவள் குடிக்கிற நேரத்தில் ஆடுகள் செம்பருத்தி வேலியைக் கடித்துவிடும். போன மாதம்கூட அவளை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். அவளும் சும்மா போகவில்லை. வேலி வைத்தவனுக்கு வாய் இருப்பதுபோல ஆட்டுக்கும் வாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சொன்ன சொல்லுக்காகத் தினமும் பானையை நிரப்பி வந்தவர், அன்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். மோட்டார் ஓடியதும் முதல் தண்ணீரை இதில் பிடித்து வைத்துவிட்டால் போயிற்று என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். சாணியை அந்தப் பானையிலேயே போட்டுக் கரைத்தார். குழாயில் ஊற்றினார். மோட்டார் இரண்டு முறை செருமி, கோழை துப்புவதுபோலக் கொஞ்சம் துப்பியது. உடனே கிணற்றுக்குள்ளிருந்து ஒயர் கருகும் வாடை வந்தது. என்னவென்று எட்டிப் பார்ப்பதற்குள் கரண்ட் நின்றுவிட்டது.

அந்த வருஷம் மழை பொய்த்த வருஷம். அணைகள் காய்ந்துபோய், கரண்டை முறை வைத்துத்தான் விட்டார்கள். காலையில் கொஞ்ச நேரம், பிறகு மாலை விளக்கு வைக்கிற நேரத்தில்தான். சாயங்காலத்துக்குள் ஒயரைச் சரி செய்துவிட்டால் கரண்ட் வந்ததும் சம்பை நிரப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, உச்சி வெயில் தணிந்ததும் ஒரு ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு உலகநாதன் கிணற்றில் இறங்கினார்.

தண்ணீர் கீழே போகப் போக, மோட்டாரும் அதைத் துரத்திக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. கிணற்றின் நடுவயிற்றில் இரண்டு இரும்பு உத்தரங்களைக் குறுக்கே போட்டு, மேலே தகடு விரித்து, அதில் மோட்டாரை உட்கார வைத்திருந்தார்கள். பாதி ஆழம் வரைக்கும் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கற்படிகள் உண்டு. அதற்குப் பிறகு மூங்கில் ஏணி. அவர் கையிலிருந்த சாமான் பையைக் கடைசிக் கற்படியில் வைத்துவிட்டு ஏணியில் இறங்கினார். தகட்டில் ஒரு காலை ஊன்றி மற்றக் காலை எடுக்கும்போது ஏணியின் கால் மளுக்கென்றது. ஈரத்தில் இற்றுப்போன மூங்கில். அவர் மோட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஏணி சாய்ந்து, சுவரில் ஒருமுறை மோதி, அடியில் தண்ணீருக்கு மேல் துருத்திய பாறையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கற்படி தலைக்கு மேலே இன்னோர் ஆள் உயரத்தில் இருந்தது. அதற்கும் மேலே வட்டமாக வானம்.

முதலில் அவர் பயப்படவில்லை. தம்மேல்தான் கோபம் வந்தது. சரி, வந்த வேலையை முடிப்போம், பிறகு கூப்பிட்டால் யாராவது வந்து ஏணி போடுவார்கள் என்று மோட்டாரின் மேல்மூடியைத் திறந்தார். ஒயர் சேருகிற இடம் கரிந்திருந்தது. கரிந்த முனைகளை ஸ்பேனரால் நசுக்கி ஒடித்து, பல்லால் கடித்து உரித்தார். சுற்றுவதற்கு டேப் எடுக்கக் கையை நீட்டியபோதுதான் பை மேலே இருப்பது நினைவுக்கு வந்தது. அண்ணாந்து பையைப் பார்த்தார். பையைப் பார்த்த கண் ஒயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, கிணற்று விளிம்பைத் தாண்டி, கிணற்று மேட்டிலிருக்கும் மோட்டார் கொட்டகைக்குள் போய், அங்கே ஸ்டார்ட்டர் பெட்டியில் நின்றது. 

ஸ்டார்ட்டரில் குச்சி இருந்தது.

கைப்பிடியைத் தூக்கி நிறுத்தினால் மோட்டார் ஓடும். கரண்ட் நின்றால் கைப்பிடி தானாகக் கீழே விழுந்துவிடும். திரும்பக் கரண்ட் வந்தாலும் ஓர் ஆள் வந்து தூக்கினால்தான் ஓடும். ஆளுக்கு ஆபத்து வரக் கூடாது என்றுதான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் சாயங்காலம் கரண்ட் வருகிற நேரத்தில் உலகநாதன் ஆவடியிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருப்பார். வசந்தகுமாரிக்கு அந்தப் பெட்டி என்றாலே பயம். அதனால் கைப்பிடிக்கு அடியில் ஒரு வேப்பங்குச்சியை முட்டுக் கொடுத்து வைத்துவிட்டார். கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும். சுற்று வட்டாரத்தில் பலர் அப்படித்தான் செய்தார்கள். ஃபேக்டரியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு, மிஷினைத் திறக்குமுன் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள் என்று சொல்லிக் கொடுக்கிற மனிதர் அவர். இன்று அவரே பிடுங்கவில்லை. கரண்ட்தான் இல்லையே என்று இறங்கிவிட்டார்.

இனி விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் வரும். குச்சி இருக்கிறவரை பெட்டி அதை நிறுத்தாது. நேரே ஒயரில் இறங்கி, உரித்துப் போட்ட முனைகளுக்கு வரும். கீழே ஈரத் தகடு, இரும்பு உத்தரம். சுவரின் ஊற்றுக்கண்களிலிருந்து நீர் சொட்டிச் சொட்டித் தகட்டில் தேங்கியிருந்தது. அதில் அவர் வெறுங்காலோடு நின்றிருந்தார்.

தோளிலிருந்த துண்டை எடுத்து முனைகளைத் தனித்தனியாகச் சுற்றினார். சுற்றி முடிப்பதற்குள் துண்டில் ஈரம் ஏறியது. ஒயரை இழுத்து மேலே அறுத்துவிடலாமா என்று இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். வெயிலில் கிடந்து மொறுமொறுவென்று போயிருந்த ஒயர் அது. அறுபடவில்லை, தோல் மட்டும் உரிந்து கையோடு வந்தது. உள்ளே செம்பு பளபளத்தது. இருந்த ஆபத்து போதாதென்று இன்னும் ஒரு முழம் கூட்டிக்கொண்டதுதான் மிச்சம். பிறகு தண்ணீர்க்குழாயைப் பிடித்து ஏறப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு. இரண்டு முழம் ஏறியதும் குழாய் மூட்டில் ஆடியது. கை வழுக்கித் தகட்டில் விழுந்தார். மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது.

அதற்கப்புறம்தான் அவர் கத்தத் தொடங்கினார்.

கிணற்றுக்குள் கத்துகிறவனுக்குத் தன் குரல் பெரிதாகக் கேட்கும். சுவர் அதை வாங்கிச் சுற்றிச் சுற்றி அவனுக்கே திருப்பிக் கொடுக்கும். வெளியே போவது கொஞ்சம்தான். உலகநாதன் வீட்டுக்கு இரண்டு பக்கமும் வெற்று மனைகள். வாங்கிப் போட்டவர்கள் இன்னும் கட்டவில்லை. வயலுக்கு அந்தப் பக்கம் கொத்தனார் வேம்புலியின் குடிசை. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டால் அந்தப் பக்கத்துப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள்; உலகநாதனும் வேண்டாமென்று சொன்னதில்லை. ஆனால் சத்தம் கேட்டால்தான் வருவார்கள். மோட்டார் ஓடினால் ஆள் வரும். மோட்டாருக்குக் கரண்ட் வந்தால் இவர் இருக்கமாட்டார். அதை நினைத்தபோது அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆகிவிட்டது.

அரக்கோணம் பக்கம் போகும் பாசஞ்சர் வண்டி வேப்பம்பட்டில் நின்று ஊதியது. அதிலிருந்து நாலு பேர் இறங்குவார்கள், வண்டிப்பாதையில் ஒருவராவது வருவார் என்று காத்திருந்து கத்தினார். தொண்டை கட்டியது. யாரும் வரவில்லை. வெயில் கிணற்றின் கிழக்குச் சுவரில் ஏறிக்கொண்டே போனது. முதலில் கற்படிமேல் இருந்தது. பிறகு பையைத் தொட்டது. பிறகு பையை விட்டு மேலே போயிற்று. அதைப் பார்க்காமலிருக்கப் பார்த்தார், முடியவில்லை. மனிதன் தன் காலத்தைச் சுவரில் பார்க்கும்படி ஆவது பெரிய தண்டனை.

காலை மாற்றி மாற்றி நின்றார். நாக்கு வறண்டது. அடியில் அவ்வளவு தண்ணீர் கிடக்க, தகட்டில் சொட்டித் தேங்கியது துருவும் எண்ணெயுமாக இருக்க, ஒரு வாய்க்கு வழியில்லை. அப்போது பானை ஞாபகம் வந்தது. இன்றைக்கு அந்த வழியாகப் போனவர்கள் கல்லைப் பார்த்திருப்பார்கள். பானை இல்லை. நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டு நடந்திருப்பார்கள். ஒரு வாய்த் தண்ணீர் என்றால் என்ன என்பது உலகநாதனுக்கு அதுவரைக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் மற்றவருடைய ஒரு வாய்த் தண்ணீர் எப்படியிருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. வசந்தகுமாரி நினைத்தாள், அதனால் பானை வைத்தாள். அவர் அவள் சொன்னாள் என்று நிரப்பினார். இரண்டுக்கும் உள்ள தூரம் அந்தக் கிணற்றின் ஆழம் இருக்கும் என்று தோன்றியது.

கையைக் கூப்பினார். சுளுக்கிய கை வலித்தது. தாயே, பேத்தி முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கொஞ்சம் யோசித்து, மேலே போனால் முதல் வேலையாகப் பானையை வைத்துவிடுகிறேன் என்றார். சொன்னதும் வெட்கமாக இருந்தது. சாமியிடம் பேரம் பேசுவதா? பேரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வெறுமனே நின்றார்.

வெயில் விளிம்பை விட்டுப் போய்விட்டது. வானம் மட்டும் வெளிச்சமாக இருந்தது. அப்போது அந்த வட்டத்தின் ஓரத்தில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. நீண்ட காது, வெள்ளை மூக்கு. ஓர் ஆட்டுக்குட்டி. அது அவரைப் பார்த்து ஒருமுறை கத்திவிட்டு மறைந்தது. அதற்குப் பின்னால், யாரையோ திட்டிக்கொண்டு ஒரு குரல் நெருங்கி வந்தது.

"ஊட்டுக்காரம்மா இல்லாத நேரமாப் பாத்து பானைய எட்த்துகினு பூட்டான் பாரு. தண்ணிய மறைக்கிறவன் வெளங்குவானா? ஐய, இன்னாது இது? வாயில வெக்கிற பானையில சாணியக் கரைச்சி வச்சிகீறானே. இவன் கையில புழு வெக்க."

உலகநாதன் தம் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான வசவைக் கேட்டதில்லை.

"அம்மா," என்று கத்தினார். "யாரும்மா மேலே?"

வசவு பட்டென்று நின்றது. மேலே ஒரு சத்தமும் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தால் யாருக்குத்தான் குலை நடுங்காது? அவள் ஓடிவிடப் போகிறாள் என்று பயந்து, நான்தான், வீட்டுக்காரன், ஃபேக்டரிக்காரன், உள்ளே மாட்டிக்கொண்டேன் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். சற்றுக் கழித்து விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. ஆட்டுக்காரிதான்.

"இன்னாய்யா, உள்ள இன்னா பண்ணிகினு கீற?"

"ஏணி உடைஞ்சு போச்சும்மா."

"மனுசன்னு சொல்லக்கூடாதா? நான் முனீஸ்வரன்தான் பேசுறான்னு நெனச்சேன்." அவள் மூச்சு வாங்கினாள். "இரு, வேம்புலி ஊட்ல சாரம் கட்ற ஏணி கீது. எட்த்தாரச் சொல்றேன்."

அவள் திரும்பினாள். உலகநாதன் போகாதே என்று அலறினார். பிறகு குரலை அடக்கிக்கொண்டு, நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விஷயத்தைச் சொன்னார். கொட்டகைக்குள் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் கைப்பிடிக்கு அடியில் ஒரு குச்சி. கரண்ட் வருவதற்குள் அந்தக் குச்சி வெளியே வர வேண்டும். வராவிட்டால் ஏணி வந்தும் பிரயோஜனம் இல்லை.

அவள் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். அவள் முகம் மாறுவது கீழேயிருந்தே தெரிந்தது.

"அந்தப் பொட்டிய நான் தொடமாட்டேன். எங்க ஊட்ல வெளக்கே சிம்னிதான். எனுக்கு இன்னா தெரியும்?"

 ஒன்றும் ஆகாது, தொடு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தொட்டிருப்பாள். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. கரண்ட் எந்த நிமிஷமும் வரலாம்; கருகிய ஒயர் அந்தப் பெட்டிவரைக்கும் என்ன செய்து வைத்திருக்கிறதோ அவருக்கே தெரியாது.

"கையால தொடாதே. உனக்குப் பயமா இருந்தா விட்டுடு, வேம்புலியைக் கூட்டிட்டு வா. உன் உசிரும் உசிருதான்."

அவள் மேற்கே வானத்தைப் பார்த்தாள். பிறகு, வேம்புலி வீட்டுக்குப் போய்வருவதற்குள் பொழுது இறங்கிவிடுமே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கையிலிருந்த தொரட்டியைப் பார்த்தாள். ஆட்டுக்குத் தழை இழுக்கிற நீண்ட மூங்கில், முனையில் கொக்கி.

"இத்தால தட்டிவுட்டா போதுமா?"

"போதும். கொக்கி இரும்பு, பெட்டியில படாமப் பாத்துக்க. மூங்கில் முனையால குச்சியை மட்டும் தள்ளு. இரு, இரு. அங்கே என் செருப்பு இருக்கும். ரப்பர் செருப்பு. அதைப் போட்டுக்கிட்டுப் போ."

"ஐய, ஆம்பளை செருப்ப நான் எப்டி மாட்டுவேன்? அதும் ஊட்டுக்காரர் செருப்ப."

"மாட்டிக்கோம்மா. உன் பேர் என்ன?"

"கெங்கம்மா."

உலகநாதன் ஈரத் தகட்டில் நின்றபடி கண்ணை மூடித் திறந்தார். "கெங்கம்மா, அந்தச் செருப்பை மாட்டிக்கிட்டுப் போம்மா," என்றார்.

பெரிய செருப்பு தரையில் சரக் சரக்கென்று இழுபட்டுப் போவது கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டுக்குட்டி மறுபடி எட்டிப் பார்த்தது. எங்கேயோ கொக்குகள் கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. கொட்டகைக்குள்ளிருந்து மூங்கில் எதன்மேலோ உரசுகிற சத்தம் வந்தது. வந்து நின்றது. மறுபடி வந்தது. அவள் ஏதோ ஒரு சாமியின் பெயரைச் சொன்னாள். பிறகு டக்கென்று இரும்பு விழுகிற ஓசை.

"வுழுந்துட்ச்சி," என்றாள்.

"குச்சியா, கைப்பிடியா?"

"ரெண்டும்தான். குச்சி கீழ கெடக்குது. புடி தொங்குது."

உலகநாதன் மோட்டாரின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவள் ஏணிக்கு ஓடிவிட்டாள். செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் போய், பிறகு நின்றுவிட்டது. ஓட முடியாமல் கழற்றி எறிந்திருப்பாள்.

மறுபடியும் தனிமை. ஆனால் இது வேறு தனிமை. கிணறு அதே கிணறுதான், ஈரம் அதே ஈரம், வெளியே போக வழியும் இன்னும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வானத்தின் வட்டம் சாம்பலாக மாறியபோது, கிணற்று விளிம்பில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் விழுந்தது. கொட்டகைக்குள் அவர் எப்போதும் போட்டு வைத்திருக்கும் பல்பு அது. கரண்ட் வந்துவிட்டது. உலகநாதன் தம் காலைப் பார்த்தார். துண்டு சுற்றிய முனைகளைப் பார்த்தார். மோட்டார் சும்மா கிடந்தது. ஊற்றுநீர் சொட்டுச் சொட்டாகத் தகட்டில் விழுந்துகொண்டிருந்தது.  அழுதுவிட்டார். கிணறு அந்த அழுகையையும் வாங்கிச் சுற்றிச் சுற்றி அவருக்கே கொடுத்தது.

வேம்புலி ஏணியோடும் கயிற்றோடும் வந்து முதலில் ஃப்யூஸைப் பிடுங்கினார். பிறகு உலகநாதனை மேலே ஏற்றினார். ஃபேக்டரிக்காரருக்கே இந்த கதியா என்று வாய்வரை வந்ததை, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார். கெங்கம்மாள் ஆடுகளை வேலியிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தாள். செம்பருத்தியில் பாதியைக் காணோம்.

உலகநாதன் அவளிடம் போய் நின்றார்.  நல்லவேளை வந்தாய் என்றார்.

"பானையக் காணோம். அதான் வந்தேன்," என்றாள் அவள். "இத்தினி வருசத்துல அந்தக் கல்லு மேல பானை இல்லாம நான் பாத்ததே இல்ல. அம்மாவுக்கு இன்னாவோ ஆயிட்ச்சோன்னு மனசு கெடந்து அட்ச்சிகிச்சி."

அவள் வாயில் வந்த வசவையெல்லாம் உலகநாதன் கேட்டிருந்தார். ஆனால் அவள் இப்போது சொன்னதும் பொய்யாகத் தெரியவில்லை. கோபத்துக்கு அடியில் கவலை இருப்பது உண்டு. தினம் நிறைந்திருக்கிற பானைதான் ஒரு நாள் இல்லாவிட்டால் ஆளைக் கூப்பிடும். என்றைக்காவது நிரம்புகிற பானையைக் காணோம் என்று யாரும் தேடி வரமாட்டார்கள். வசந்தகுமாரி தன்னையறியாமலே, ஒரு நாளும் தவறாமல் கணவருக்காக மணி கட்டி வைத்திருந்தாள்.

மறுநாள் அவர் பூந்தமல்லிக்குப் போனார். வேம்புலியின் மச்சான் வந்து ஒயர் மாற்றிக் கொடுத்திருந்தான், சம்ப் நிரம்பியிருந்தது. ஸ்டார்ட்டரில் இருந்த குச்சி வெந்நீர் அடுப்பில் எரிந்துபோயிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் பத்மா ஜன்னலோரம், வசந்தகுமாரியின் மடியில் பேத்தி, உலகநாதனின் மடியில் வைக்கோல் சுற்றிய ஒரு புதுப்பானை. பஸ் குலுங்கினால் தாத்தாவும் பாட்டியும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். கண்டக்டர் பார்த்துவிட்டு, ரெண்டுமே கைக்குழந்தையா பெரியவரே என்றான். வசந்தகுமாரி காரணம் கேட்டபோது பழைய பானை உடைந்துவிட்டது என்றுதான் சொன்னார். முழுக்கதையைச் சொல்ல அவருக்கு இன்னும் சில நாள் தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும், ஆரத்தி எடுக்கிற சந்தடியில், அவர் பானையைக் கழுவி நிரப்பிக் கல்லின்மேல் வைத்தார். பொழுது சாயும் நேரத்தில் ஆடுகள் வந்தன. கெங்கம்மாள் மூடியைத் திறந்து, அகப்பையால் மொண்டு, அண்ணாந்து குடித்தாள். வேலிக்கு உள்ளே உலகநாதன் ஏதோ வேலையாக நிற்பவர்போல நின்றிருந்தார்.

"எப்படி இருக்கு தண்ணி?" என்று கேட்டார்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "புதுப்பானை. மண்ணு வாசம் அடிக்குது," என்றாள். "ரெண்டு நாள் போனா செரியாய்டும்."

அவள் பின்னால் ஒரு வெள்ளாடு செம்பருத்தியின் மிச்சத்தில் வாயை வைத்தது. உலகநாதன் அதைப் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அவளே திரும்பி, அதன் முதுகில் தொரட்டியால் ஒரு தட்டுத் தட்டி ஓட்டிக்கொண்டு போனாள்.